உடைமையில் இருந்தவர்: ஒரு வளவு வழக்கும் அதன் சொற்களும்

காணி வழக்கொன்றில் நீதவான் இட்ட கட்டளை தமிழில் இருந்ததுதான் சிக்கலின் தொடக்கம். ஆங்கிலத்தில் இருந்திருந்தால், தம்பியோடு அந்த வழக்கில் நின்ற அக்கா அதை அன்றே யாரிடமாவது கொண்டு ஓடியிருப்பார். தமிழில் இருந்தபடியால் அவரே வாசித்தார். மகனும் வாசித்தான். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். விளங்கிவிட்டது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். பதினொரு மாதம் கழித்து, மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணையை நாலாக மடித்துச் சீனிப் பை ஒன்றுக்குள் வைத்துக்கொண்டு அக்கா என் வீட்டுப் படலையைத் திறந்தபோது, வழக்குத் தவணைக்கு ஐந்து நாள்தான் மிச்சம்.

நான் சட்டத்தரணி இல்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதுவினைஞனாக இருந்து, சத்தியக்கடதாசிகளை (சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்துமூல வாக்குமூலங்களை) தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தவன். ஓய்வுக்குப் பிறகும் ஊரில் யாருக்காவது நீதிமன்றக் கடிதம் வந்தால் அது என் விறாந்தைக்கு வந்துவிடும். இந்த வழக்கில் ஆட்களும் ஊரும் காணியின் அளவும் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருக்கின்றன. சொற்களையும் சட்டப் பிரிவுகளையும் மாற்றவில்லை.

நடந்தது

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்முனைத் துறைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமம். 2014இல் பாலம் திறக்கும்வரை நகரத்துக்கு வருவதென்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். அங்கே எண்பது பேர்ச்சஸ் (அரை ஏக்கர்) வளவு. நடுவில் கல்வீடு, பின்னால் கிணறு, பதினேழு தென்னை. நொத்தாரிசு (சட்டப்படி காணி ஆவணம் எழுதுபவர்) எழுதிய உறுதி, அதாவது காணிப் பத்திரம், தகப்பன் பெயரில் இருக்கிறது. தாயும் தகப்பனும் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் இருவர்: அக்காவும், கல்முனைப் பக்கம் மணமுடித்துப் போன தம்பியும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வளவு பெண்பிள்ளைக்கு. அக்காவின் கலியாணத்தன்று, சபையில் பத்துப் பேர் கேட்க, தகப்பன் சொன்னார்: "இந்த வளவு மகளுக்கு." எழுதிக்கொடுக்கவில்லை. 2007 இடப்பெயர்வின்போது வெளியேறி, திரும்பி வந்து, ஓட்டைத் தகரமாக்கி, தகரத்தை மறுபடி ஓடாக்கி அக்கா அங்கேயே இருந்தார். தம்பி வருடப்பிறப்புக்கும் கோயில் சடங்குக்கும் வந்து போவார்.

சிறுபோக விதைப்புக்கு முந்திய ஒரு காலையில் தம்பி ஒரு சின்ன லொறியில் கொங்கிறீட் தூண்களும் முள்ளுக்கம்பியும் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் வளவின் பின்பாதியை அடைத்தாயிற்று. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது. மகன் தடுக்கப் போய்த் தள்ளுமுள்ளு. பொலிஸ் வந்தது. தள்ளுமுள்ளு மத்தியஸ்த சபையில் ஒரு மன்னிப்போடு முடிந்தது. காணிப் பிணக்கைப் பொலிசார் இருபத்து மூன்று நாளில் நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கையிட்டார்கள்.

அந்த இருபத்து மூன்று நாள்தான் அக்காவைக் காப்பாற்றியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஊரார் இதை '66 வழக்கு' என்பார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஒரு காணியைப் பற்றிய பிணக்கு அடிதடியில் போய் முடியும், ஊரின் சமாதானம் குலையும் என்ற நிலை வந்தால் பொலிசார் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பிணக்காளியே சத்தியக்கடதாசி இட்டும் போகலாம். தனியான ஆரம்ப நீதிமன்ற நீதிபதி இல்லாத இடங்களில் நீதவானே அந்த வேலையைப் பார்ப்பார். இதில் ஒரு மயக்கம் தானாகவே உண்டாகிறது. பொலிஸ் இருக்கிறது, நீதவான் இருக்கிறார், ஆகவே இது குற்ற வழக்கு என்று மக்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். தோற்றவன் குற்றவாளி, வென்றவன் சொந்தக்காரன். ஆனால் இந்த வழக்கில் 'எதிரி' என்று யாரையும் அழைப்பதில்லை. எங்கள் நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 66இல் இருப்பவர்கள் முதலாம் தரப்பினர், இரண்டாம் தரப்பினர். வேறு யாராவது உரிமை சொல்லி வந்தால் இடையீட்டுத் தரப்பினர். அவ்வளவுதான்.

அக்கா சாட்சிக்கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தார். கூண்டில் ஏற்றவே இல்லை. இது சுருக்க முறை விசாரணை. சத்தியக்கடதாசிகள், எதிர் சத்தியக்கடதாசிகள், ஆவணங்கள், எழுத்துமூலச் சமர்ப்பணம் ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்கு முன் சமரசத்துக்கு முயற்சி செய்வதும் நீதிமன்றத்தின் கடமை. முயற்சி நடந்தது. இருவரும் கிணற்றை விட்டுக்கொடுக்கவில்லை.

கட்டளை அக்காவின் பக்கம் வந்தது. நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் அலுவலர் வந்து நிற்க, தூண்கள் பிடுங்கப்பட்டன. அன்று மாலை நான் தொலைபேசியில் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "வென்றுவிட்டீர்களாமே அக்கா?" இருபத்திரண்டு ஆண்டு இந்தக் காகிதங்களோடு கிடந்தவன் கேட்கக் கூடாத கேள்வி அது.

ஒரு வாக்கியம், மூன்று பொறி

கட்டளையின் முடிவுப் பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"அறிக்கை தாக்கல் செய்யப்பட்ட தினத்துக்கு நேர்முன்னரான இரண்டு மாதங்களுக்குள் முதலாம் தரப்பினர் தமது உடைமையிலிருந்து பலவந்தமாக அகற்றப்பட்டுள்ளார் எனத் தீர்மானிக்கிறேன். தகுதிவாய்ந்த நீதிமன்றமொன்றின் கட்டளையினால் அல்லது தீர்ப்பாணையினால் வெளியேற்றப்படும் வரை, அவர் மேற்படி காணியின் உடைமைக்கு உரித்துடையவர்."

அக்காவின் மகன் இதை எனக்கு விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினான். அவன் விரல் நின்ற இடங்கள் இரண்டு: உடைமை, உரித்துடையவர். "இதற்கு மேல் என்ன மாமா வேண்டும்? அம்மாவின் உடைமை. அம்மாதான் உரித்துடையவர்."

அவனைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பொதுவுடைமை, தனியுடைமை என்று படித்த பிள்ளை. அங்கே உடைமை என்றால் சொந்தம். 'என் உடைமைகள்' என்று பயணப் பையைக் காட்டினாலும் சொந்தம்தான். நீதிமன்றத் தமிழில் உடைமை என்பது கையிருப்பு. காணி இப்போது யார் கையில் இருக்கிறது, யார் வேலி கட்டுகிறார், யார் தேங்காய் பறிக்கிறார். வாடகைக்கு இருப்பவருக்கும் உடைமை உண்டு. ஏன், சொந்தக்காரனைத் துரத்திவிட்டு மூன்று மாதமாக இருக்கும் அத்துமீறியவனுக்கும் உடைமை உண்டு. ஒரு காணி யாருக்குச் சொந்தம் என்பதற்கு நீதிமன்றத்தின் சொல் உரித்து. அதைக் காட்டுவது உறுதி, முதுசம் (பெற்றோர் வழி வந்த சொத்து), அரச அளிப்பு போன்றவை.

அப்படியானால் 'உரித்துடையவர்' என்று எழுதியிருக்கிறதே? அதுதான் இரண்டாவது பொறி. 'உடைமைக்கு உரித்துடையவர்' என்றால் 'கையில் வைத்திருக்கத் தகுதி உள்ளவர்' என்று மட்டும் பொருள். முன்னால் நிற்கும் 'உடைமைக்கு' என்ற சொல்லை உருவிவிட்டால் வாக்கியத்தின் பொருளே புரண்டுவிடும். மகன் அதை உருவிவிட்டுத்தான் வாசித்தான்.

மூன்றாவது, அவன் விரல் நிற்காமலே தாண்டிப் போன சொல்: வரை. வாக்கியத்தின் முழுப் பாரமும் அந்த இரண்டெழுத்தில் தொங்குகிறது. வேறொரு நீதிமன்றம் வேறொன்று சொல்லும் வரை. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: இந்தக் கட்டளை, சிவில் வழக்கொன்றில் ஒருவர் நிறுவக்கூடிய எந்த உரிமையையும் பாதிக்காது. நீதவான் கேட்டது ஒரே கேள்வியை: அடிதடி இல்லாமல் இருக்க, இப்போதைக்குக் காணி யார் கையில் இருக்க வேண்டும்? யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை. உறுதியைப் பார்த்திருந்தாலும், உடைமை யார் பக்கம் என்று அறியும் அளவுக்குத்தான் பார்த்திருப்பார்.

இருபத்து மூன்று நாளின் கதை இதுதான். 66இல் பொது விதி, அறிக்கை தாக்கலான அன்று யார் உடைமையில் இருந்தாரோ அவரைக் காப்பது. அன்று வளவின் பின்பாதி தம்பியின் வேலிக்குள் இருந்தது. ஆனால் அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக அகற்றப்பட்டவரைத் திரும்ப அமர்த்தலாம் என்று 68ஆம் பிரிவு சொல்கிறது. அக்கா 'கூடப்பிறந்தவன்தானே, கோபம் ஆறட்டும்' என்று மூன்று மாதம் பொறுத்திருந்தால் அதே சட்டம் தம்பியின் வேலியைக் காத்திருக்கும். பொறுத்துப்போன பலர் இப்படித் தங்கள் வளவுக்கு வெளியே நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

கட்டளை என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஊரில் நீதிமன்றம் எதைச் சொன்னாலும் தீர்ப்பு. நீதிமன்றத்தில் அப்படி இல்லை. வழக்கின் முழு விடயத்தையும் ஆராய்ந்து காரணங்களோடு எழுதுவது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின்படி யாருக்கு என்ன என்று முறைப்படி வரையும் சிறிய ஆவணம் தீர்ப்பாணை. முழு வழக்கொன்றின் முடிவில் பிஸ்கால் நிறைவேற்றுவதும் காணிப் பதிவகத்தில் பதிவதும் அதைத்தான். இடையிலோ, இப்படியான சுருக்க விசாரணையின் முடிவிலோ இடப்படுவது கட்டளை. போதாக்குறைக்குப் பழைய காலனித்துவச் சட்டங்களுக்கும் 'கட்டளைச் சட்டம்' என்றுதான் பெயர். ஒரே சொல்லை எத்தனை வேலைக்கு அனுப்புவது என்று சொல்லாக்கியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இரண்டு 66

கட்டளைக்கு எதிராகத் தம்பி மேன்முறையீடு செய்யவில்லை. 'அவனுக்கே தெரியும், தோற்ற வழக்கு' என்று ஊரில் பேச்சு. உண்மையில் 66 கட்டளைக்கு மேன்முறையீடே கிடையாது. இருப்பது மீளாய்வு: மாகாண மேல் நீதிமன்றத்திடம், கீழ்நீதிமன்றம் செய்ததில் பாரதூரமான பிழை இருக்கிறது, விசேட சூழ்நிலை இருக்கிறது, பார்த்துத் திருத்துங்கள் என்று கேட்பது. மேன்முறையீடு சட்டம் கொடுக்கும் உரிமை. மீளாய்வு நீதிமன்றத்தின் தற்றுணிபு. பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

மகன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வேறொரு பயத்தோடு வந்தான். "உயர் நீதிமன்றத்துக்குப் போவார்களாமே மாமா, கொழும்புக்கு அலைய வேண்டுமா?" அவன் வாசித்தது தமிழ்நாட்டுக் கட்டுரை. அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் மன்றம், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். இங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டின் ஆக மேலான மன்றம். அதன் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதன் கீழ் மேல் நீதிமன்றம். மேல் நீதிமன்றம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. பஸ்ஸில் போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். கடல் கடந்து வந்த தமிழ்ச் சொல்லை வைத்து இலங்கை வழக்கைப் படித்தால் ஒரு படி பிசகும் என்று சொல்லி அனுப்பினேன்.

யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் செய்த உறவினர் ஒருவர் தேசவழமையை இழுத்தார். பங்காளி விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டுமாம். தேசவழமை வடக்கின் தமிழருக்கானது. மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது; எங்களுக்குப் பொதுச்சட்டம்தான். முக்குவர் வழமை என்று ஒரு வழக்காற்றுச் சட்டம் இங்கே இருந்தது. இப்போது முதுசத்தைப் பங்கிடுவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மரணசாதனம் எழுதாமல் தகப்பன் இறந்தால் பிள்ளைகளுக்குச் சரிபங்கு, ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை.

அக்காவுக்கு இதைச் சொன்னபோதுதான் முகம் கறுத்தது. "பத்துப் பேர் கேட்கச் சொன்னாரே அப்பா." சொன்னார்தான். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் கையெழுத்திடாமல் காணி கைமாறாது. சபையில் சொன்ன சீதனம் வழமையில் சீதனம். உறுதியில் அது இன்னும் தகப்பனின் காணி. ஆகவே பாதி தம்பிக்கு.

பத்து வருடத்துக்கு மேல் இருந்தால் சொந்தமாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் அந்தப் பத்து வருடம் இருக்கிறது, மெய். ஆனால் மற்றவரின் உரிமைக்கு எதிரான, இடையறாத ஆட்சியாக அது இருக்க வேண்டும். பங்காளியின் ஆட்சி அப்படி எளிதில் எண்ணப்படாது. ஒரு பங்காளி வைத்திருப்பது எல்லாப் பங்காளிகளுக்குமாக வைத்திருப்பதுதான் என்று கொறயா எதிர் இசேரிஸ் அப்புகாமி வழக்கில் 1911இலேயே, அந்நாளில் இலங்கை வழக்குகளுக்கு இறுதி மன்றமாக இருந்த பிரித்தானியக் கோமறைக் கழகம் சொல்லிவிட்டது. மற்றவரை வெளியே தள்ளியதாகவோ அதற்குச் சமமான ஒன்றாகவோ இருந்தால்தான் கணக்கு ஓடத் தொடங்கும். வருடப்பிறப்புக்கு வந்த தம்பிக்குப் பலகாரம் வைத்து, பின்வளவுத் தேங்காயில் ஒரு சாக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர் அக்கா. அன்பாக நடந்தது அவரது வழக்குக்கு உதவவில்லை.

இதற்கிடையில் மகன் ஒரு காரியம் செய்திருந்தான். வளவின் கிழக்கு ஓரத்தில் இருபது பேர்ச்சஸை விற்கப் பேசி, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் மூன்று இலட்சம் ரூபாய் முற்பணம் வாங்கிவிட்டான். உறுதி எழுதப் போன இடத்தில் நொத்தாரிசு பதிவகத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடியாது என்றார். நடந்த பேச்சை மகன் சொன்னபடியே தருகிறேன்.

"இந்தக் காணியில் வழக்கு நிலுவையில் இருக்கிறது, தம்பி. 66ஆம் பிரிவின்படி விற்க முடியாது."

"அந்த 66இல் நாங்கள்தானே ஐயா வென்றோம்!"

நொத்தாரிசு சொன்னது வேறு 66. தம்பி மீளாய்வுக்குப் போகாமல், 74ஆம் பிரிவு காட்டிய வழியே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். பிரிவிடல் வழக்கு, ஊர்ச்சொல்லில் பாகப்பிரிவினை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்திலும் ஒரு 66ஆம் பிரிவு இருக்கிறது. பிரிவிடல் வழக்கு நிலுவையில் உள்ளது என்று காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால், வழக்கு முடியும்வரை எந்தப் பங்காளியும் தன் பங்கை விற்கவோ குத்தகைக்கு விடவோ ஈடுவைக்கவோ முடியாது என்பது அது. ஒரே இலக்கம், இரண்டு சட்டம். இலக்கத்தை மட்டும் சொல்லிச் சட்டத்தின் பெயரை விழுங்கும் எங்கள் பழக்கத்துக்கு, நானும் உட்பட, கிடைத்த சன்மானம்.

மகன் நொத்தாரிசுடன் கோபித்துக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த கிழமைகளில் வந்த அழைப்பாணை சாமித்தட்டுக்கு அடியில் கிடந்தது. முடிந்த வழக்கின் மிச்சக் காகிதம் என்று நினைத்திருந்தார்களாம்.

அழைப்பாணையில் அக்காவை உறுத்திய சொல் ஒன்று இருந்தது. தம்பி 'வழக்காளி', இவர் '1ஆம் எதிராளி'. பத்திரிகைகள் வாதி, பிரதிவாதி என்று எழுதும். "நான் யாருக்கு எதிராளி? இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்." பிரிவிடல் வழக்கில் ஒரு பங்காளி வழக்காளியாக வந்தால் மற்றப் பங்காளிகள் எல்லாரும் எதிராளிகளாகத்தான் பெயரிடப்பட வேண்டும், அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஐந்து நாளில் செய்தது

சொல்லப்போனால் அதிகம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான அமைப்பு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்வார்கள். தவணையன்று அக்காவுக்காக ஒரு சட்டத்தரணி தோன்றினார். பிறகு அவரது எழுத்துமூலக் கூற்று போனது: அரைவாசிப் பங்கு, கல்வீடு தன் செலவில் கட்டியது, தென்னை பதினேழில் பன்னிரண்டு தான் நட்டவை. வராமல் விட்டிருந்தாலும் நீதிமன்றம் உரித்தை ஆராய்ந்துதான் இருக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டு தென்னையைப் பற்றி அங்கே சொல்ல ஒரு வாய் இருந்திராது.

முற்பணத்தில் ஒரு இலட்சம் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் போய்விட்டது. காணி வாங்க வந்தவரிடம் பணத்தைத் தவணை முறையில் திருப்பிக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார்.

இனி வரப்போகும் காகிதத்துக்காக ஒரு சொல்லை அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். பிரிவிடல் வழக்கில் பங்குகளைத் தீர்மானித்ததும் வருவது 'இடைக்காலத் தீர்ப்பாணை'. இடைக்காலக் கட்டளை என்றால் தற்காலிகமானது, மாறலாம். இடைக்காலத் தீர்ப்பாணை அப்படியில்லை. மேன்முறையீட்டில் மாறினாலொழிய, பங்கைப் பொறுத்தவரை அது முடிந்த முடிவு, வழக்குக்கு வெளியே உள்ளவர்களையும் கட்டுப்படுத்தும் என்று பிரிவிடல் சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகு மிச்சம், நிலத்தில் கோடு கிழித்து இறுதித் தீர்ப்பாணை வரைவதுதான். 'இடைக்காலம்தானே, பிறகு பார்க்கலாம்' என்று சாமித்தட்டுக்கு அடியில் வைத்தால் இந்த முறை ஐந்து நாளும் இருக்காது.

போன மாதம் 'ஆணையாளர்' வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. பெரிய அதிகாரி என்று நினைத்து அக்கா முற்றம் பெருக்கி, கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். வந்தவர் நில அளவையாளர். நீதிமன்றம் ஆணை கொடுத்து அனுப்பியதால் ஆணையாளர். வெயிலில் சங்கிலி பிடித்து அளக்கும்போது தம்பி தெருவோரத்தில் நின்றார். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற, குசினித் தாழ்வார நிழலுக்கு வந்துவிட்டார். அக்கா பேரனிடம் தேநீர் கொடுத்தனுப்பினார். தானாகக் கொண்டுபோகவில்லை.

அளவையாளர் வளவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எழுத்து இட்டு, அதை யார் கோருகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு அக்கா பெயர், தம்பி மறுக்கவில்லை. தென்னைகளை எண்ணும்போது கொஞ்சம் இழுபறி. கிணற்றடிக்கு வந்து, "இது யார்?" என்று கேட்டார்.

இருவரும் ஒரே நேரத்தில் "நான்" என்றார்கள். அவர் நிமிர்ந்தும் பார்க்காமல் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டு அடுத்த எல்லைக்கல்லைத் தேடிப் போனார்.